சங்கங்கள் தேய்ந்ததும் தழைத்ததும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நாளில், வாழ்த்துரைகளுக்கும் நன்றியுரைகளுக்கும் இம்மலரில் குறைவிராது. படிப்பை இடையில் நிறுத்தவிருந்த பிள்ளைகள் பலர் நம் மாலை வகுப்பில் அமர்ந்து படித்துத் தேறியதும், பாடநூலும் குறிப்பேடும் வாங்க வழியற்றிருந்த குடும்பங்களுக்கு நாம் தோள் கொடுத்ததும் மெய்யே. அவற்றை எண்ணி மகிழ்தல் தகும். ஆயினும் விழாப் பந்தலின் வெளிச்சத்தைக் காட்டி ஓர் இருளை மறைத்தல் தகாது. சென்ற சில ஆண்டுகளாக நம் பொதுக்குழு குறித்த நேரத்தில் கூடுவதில்லை. "கோரம் இல்லை" என்று ஒத்திவைக்கப்பட்டு, அரைமணி கழித்து, வந்திருந்த சிலரைக் கொண்டே நடத்தி முடிக்கப்படுகிறது. உறுப்பினர் பதிவேட்டில் பெயர்கள் நீண்டுள்ளன; விரித்த பாய்களோ வெறுமையாய்க் கிடக்கின்றன.

இந்நிலை நீடிக்குமாயின் விளைவு யாது? சங்கக் கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகையும் நிற்கும். மாலை வகுப்பில் பாடம் சொல்ல ஓர் இளைஞரும் வாராத நாள் ஒன்று வரும். அன்று நம் பிள்ளைகள் மீண்டும் தெருவிளக்கின் அடியில் தனித்து விடப்படுவர். ஆகவே இஃது ஒரு சிலரின் மனக்குறை அன்று. அடுத்த தலைமுறையின் கல்வி பற்றிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் மக்கள் சங்கம் அமைக்கத் தொடங்கி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அச்சங்கங்களுள் சில ஓங்கின; சில தேய்ந்தன; தேய்ந்தவற்றுட் சில மீண்டும் தழைத்தன. தேய்ந்தமைக்கும் தழைத்தமைக்கும் காரணங்களைக் கண்டறிந்தால் நமக்கு வழி புலப்படும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

வைசாலியின் முரசு

சங்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பௌத்த சங்கம். கூடி வாழ்தலைப் பற்றிய பழமையான படிப்பினை ஒன்று அங்கேயே கிடைக்கின்றது. மகத மன்னன் அசாதசத்துரு, வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வச்சியரை வெல்ல விரும்பினான். வச்சியர் முடியரசின் கீழ் வாழ்ந்தவர் அல்லர். மன்றத்தில் கூடித் தம்மைத் தாமே ஆண்டவர். மன்னன் தன் அமைச்சன் வச்சகாரனை இராசகிருகத்தில் தங்கியிருந்த புத்தரிடம் அனுப்பினான். புத்தர் அருகிலிருந்த ஆனந்தரை நோக்கி ஏழு வினாக்களை எழுப்பினார். அவற்றுள் முதலாவது, வச்சியர் அடிக்கடி கூடுகின்றனரா, பெருந்திரளாகக் கூடுகின்றனரா என்பது. இரண்டாவது, அவர்கள் ஒற்றுமையுடன் கூடி ஒற்றுமையுடன் கலைந்து தம் கடமைகளை ஒற்றுமையுடன் ஆற்றுகின்றனரா என்பது. இவை உள்ளவரை அவர்களுக்கு வளர்ச்சியேயன்றித் தேய்வில்லை என்பதே அவருடைய கருத்து. பின்னர்த் தம் பிக்குகளுக்கும் அடிக்கடி கூடுதலையே முதல் நெறியாக அவர் வகுத்தார்.

இதன் தொடர்ச்சியைப் பிற்கால உரைநூல் கதையாகக் கூறுகின்றது. வச்சகாரன் வைசாலிக்குள் புகுந்து, ஒருவர்மீது மற்றவருக்கு ஐயம் உண்டாகும்படி மூன்று ஆண்டுகள் வேலை செய்தான். அதன்பின் மன்றத்திற்கு அழைக்கும் முரசு முழங்கியபோது ஒருவரும் வரவில்லை. தலைவர்கள் கூடட்டும், வீரர்கள் கூடட்டும், எளியவராகிய நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒவ்வொருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டனர். வைசாலி வீழ்ந்தது.

முரசு முழங்கியும் மன்றம் கூடாமைக்கு அக்கதை சொல்லும் காரணத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். மக்கள் சோம்பலால் வாராதிருந்தனர் என்று அது கூறவில்லை. அம்மன்றம் தம்முடையது அன்று, தலைவர்களுடையது என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் புகுந்துவிட்டது. இனி வரும் வரலாற்றை இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டே பார்ப்போம்.

மூவாயிரத்து நானூறு கையெழுத்துகள்

1891-ஆம் ஆண்டு நம் வரலாற்றில் ஒரு தொடக்கம். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை வகுத்தார். அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய 'பறையன்' என்னும் திங்கள் இதழ் சில மாதங்களிலேயே வார இதழாயிற்று. இழிவுக்கென்று பிறர் வழங்கிய பெயரையே தம் இதழின் தலைப்பில் பொறித்து நிமிர்ந்து நின்ற துணிவை இன்று நினைத்தாலும் நெஞ்சு விம்முகின்றது.

அச்சபையின் வலிமைக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒருங்கே நடத்தவேண்டும் என்று காங்கிரசு அக்காலத்தில் கோரியது. நம் மக்களுக்குக் கல்வி வாயில் திறக்கப்படாத அந்நாளில் அவ்வாறு நடந்தால், ஆட்சிப் பதவிகள் எல்லாம் ஏற்கெனவே படித்திருந்த மேல்வகுப்பாரிடமே சேரும் என்று சபையோர் அஞ்சினர். 1893 டிசம்பரில் சென்னை வெசுலியன் மிஷன் மண்டபத்தில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் 3,412 பேர் கையெழுத்திட்டிருந்தனர். அதன் நீளம் 112 அடி.

அவர்கள் எடுத்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்று வழக்காடலாம். நாம் கருதவேண்டியது அந்த நீளத்தையே. தந்தியும் தொலைபேசியும் நம் குடிசைகளை எட்டாத காலம் அது. 3,412 பேரைத் தெருத்தெருவாய்த் தேடிச் சென்று, விண்ணப்பத்தின் பொருளை விளக்கி, கையொப்பம் பெறுவதற்குப் பலர் பல நாள் நடந்திருத்தல் வேண்டும். நடந்தவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயினும் அவர்களே சபை. தலைவர் ஒருவர், கால்கள் பல.

தலைவர் சென்றார், குரல் தணிந்தது

1900-ஆம் ஆண்டில் சீனிவாசனார் லண்டன் செல்லக் கருதிக் கப்பலேறினார். வழியில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921-இல்தான் தாயகம் திரும்பினார். அவர் சென்றதோடு 'பறையன்' இதழ் நின்றது. இதழ் நின்றதால் ஊர்தோறும் இருந்த அன்பர்களைச் சென்னையோடு பிணைத்த கயிறு அறுந்தது. சபையின் குரலும் தணிந்தது.

இதே போன்ற நிகழ்ச்சி பம்பாயிலும் நடந்ததைக் காண்கிறோம். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ஆம் நாள் 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். அவ்விதழ் தள்ளாடி 1923-இல் நின்றது. அம்பேத்கரைப் போன்றதொரு பேரறிஞர் தொடங்கிய இதழுக்கே அந்நிலை என்றால், ஒருவர் தோளில் மட்டும் சுமத்தப்பட்ட எந்த அமைப்பும் அவர் விலகும் நாளில் சாயும் என்பது தெளிவாகும்.

அண்ணல் அப்படிப்பினையைக் கைவிட்டாரில்லை. நாடு திரும்பியபின் 1924 ஜூலை 20-ஆம் நாள் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை கூட்டங்கள் நடத்தியதோடு நின்றுவிடவில்லை. 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது; பம்பாயில் படிப்பகம் நடத்தியது; இளைஞர்களுக்கென ஆக்கி விளையாட்டுக் குழுவும் அமைத்தது; மாணவர்களே நடத்தும் இதழுக்கு ஊக்கம் தந்தது. விடுதியைப் பேண ஒருவர், நூல்களைக் காக்க ஒருவர், விளையாட்டை நடத்த ஒருவர், இதழை எழுத ஒருவர் என்று பணி பலவாகப் பிரிந்தபோது ஆட்களும் பலராயினர்.

ஒரு பைசாவின் ஆற்றல்

இனி நம் மாவட்டத்தோடு நேர்த்தொடர்புடைய வரலாற்றுக்கு வருவோம். அயோத்திதாசர் 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அதன் பெயர் 'தமிழன்' எனச் சுருங்கிற்று. விலையையே பெயராக வைத்ததில் ஓர் அழைப்பு அடங்கியுள்ளது. கூலி வேலை செய்வோனும் இதை வாங்கலாம், இது உன்னுடையது என்பதே அவ்வழைப்பு.

அக்காலத்தில் வடார்க்காடு மாவட்டத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கோலார் தங்கவயலுக்குச் சென்று சுரங்கத்தில் உழைத்தனர். திமிரி, ஆற்காடு, குடியாத்தம், திருப்பத்தூர்ப் பக்கங்களில் தங்கவயலில் உறவினர் இல்லாத சேரி அரிதாயிருந்த காலம் ஒன்று உண்டு. அம்மக்களிடையே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கத்தின் கிளைகள் தோன்றின. எம்.ஒய். முருகேசர் போன்றோர் அங்கே தூணாய் நின்றனர். திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் அவ்வொளியை ஏந்தினார். பர்மாவின் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூடக் கடல் கடந்து சென்ற நம்மவர் கிளைகள் அமைத்தனர்.

அக்கிளைகளின் வாழ்வை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஞாயிறுதோறும் சொற்பொழிவு நடைபெறும். திருமணத்தையும் நீத்தார் கடனையும் சங்கத்தாரே முன்நின்று தம் முறைப்படி நடத்துவர். புத்தர் பிறந்தநாளைத் தெருவோடு கொண்டாடுவர். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவர். இதழ் வந்தால் படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் சூழ்ந்திருந்து கேட்பர். ஐயங்களை இதழுக்கு எழுதி அனுப்பி விடை பெறுவர். ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியிலும் துயரத்திலும் சங்கம் உடன் நின்றது. அதனால் சங்கத்துக்குத் துன்பம் வந்தபோது குடும்பங்கள் உடன் நின்றன.

அத்துன்பம் 1914 மே மாதம் வந்தது. அயோத்திதாசர் மறைந்தார். அவர் மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் 'தமிழன்' இதழைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் அது நின்றுபோயிற்று. 1900-இல் நடந்ததே மீண்டும் நடந்தது என்று தோன்றும். ஆனால் இம்முறை முடிவு வேறாயிற்று. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் கிளைச் சங்கங்களைக் கைவிடவில்லை. சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' அங்கிருந்தே மீண்டும் வெளிவரத் தொடங்கி, 1930-களிலும் தொடர்ந்தது.

தலைமையகம் சென்னையில் சோர்ந்தபோது, நாளெல்லாம் மண்ணுக்கடியில் இருளில் உழைத்தவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினர். இதற்குக் காரணம் பெரும்பொருள் அன்று. கிளை என்பது அவர்களுடைய வாழ்வாகிவிட்டிருந்தது என்பதே காரணம். பைசா பைசாவாகக் கொடுத்தவனுக்குச் சங்கம் சொந்தம். அவன் அதை எளிதில் சாகவிடான்.

பின்னும் ஒரு செய்தி. அவ்விதழின் பழைய படிகளை அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்கள் பல்லாண்டு காத்து வைத்திருந்தமையால்தான், 1999-இல் ஞான. அலாய்சியசு அயோத்திதாசரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட இயன்றது. திருப்பத்தூர் தி.பெ. கமலநாதன் 1985-இல் ஆங்கிலத்தில் நூலெழுதி, தென்னாட்டில் நம் மக்கள் நடத்திய போராட்டங்களின் வரலாற்றை நிலைநாட்டினார். தாளைக் காத்தவர்கள் வரலாற்றைக் காத்தனர். நம் சங்கத்தின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகள் இன்று எந்த அலமாரியில், எந்நிலையில் உள்ளன என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

பழைய சபைக்குப் புதிய உயிர்

சீனிவாசனார் விட்டுச் சென்ற மரமும் பட்டுப்போகவில்லை. அது ஆதிதிராவிட மகாஜன சபை என்னும் பெயரில் புத்துயிர் பெற்றது. பரங்கிமலையில் 1883-இல் பிறந்து பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா 1916-இல் அச்சபையின் செயலாளரானார். அவர் வந்தபின் சபைக்குத் தெளிவானதொரு குறிக்கோள் அமைந்தது. அரசு ஏடுகளில் நம் மக்களைக் குறிக்க வழங்கிய இழிபெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்கவேண்டும் என்று 1918-இல் சபை அரசுக்கு விண்ணப்பித்தது. ராஜா 1920-இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். 1922 ஜனவரியில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல் அவ்வாண்டே அரசாணை பிறந்தது. பள்ளிச் சேர்க்கை ஏட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் சொல்லை மாற்ற ஒரு சபை பாடுபட்டது, வென்றது.

நம் உடன்பிறப்புகளான அருந்ததியர் சமுதாயத்திலும் அக்காலத்தே எல்.சி. குருசாமி தோன்றினார். தோல் தொழிலில் ஈடுபட்ட அம்மக்களுக்காக அவர் சென்னையில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். பகலில் பிள்ளைகளும் பெரியோரும் உழைத்தாக வேண்டும். ஆகவே பள்ளி இரவில் நடக்கவேண்டும் என்று அவர் கண்டார். உழைப்போரின் நேரத்துக்குச் சங்கம் வந்தது. தன் நேரத்துக்கு உழைப்போர் வரவேண்டும் என்று அது காத்திருக்கவில்லை. இவ்வொரு குறிப்பு மட்டுமே நமக்குப் பெரும்பாடமாகும்.

1924-இல் பொதுச்சாலைகளையும் பொதுக்கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. ஆயினும் ஆணை தாளில் இருந்தது. கிணறு ஊரில் இருந்தது. அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவைக் கடக்க ஊர்தோறும் கூடி நிற்கும் மக்கள் தேவைப்பட்டனர். இன்றும் அரசின் உதவித்தொகைக்கும் அதற்கு உரிய மாணவிக்கும் இடையில் அத்தகைய தொலைவு உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, விண்ணப்பத்தின் கடைசி நாள் என்று அதில் கண்ணிகள் பல. அக்கண்ணிகளைக் கோப்பதே நம்போன்ற சிற்றூர்ச் சங்கத்தின் வேலை.

நம் ஊரில் மாறியது யாது?

இவ்வரலாற்றைக் கையில் ஏந்தி நம் நிலையை நோக்குவோம். நம் தந்தையர் காலத்தில் இராணிப்பேட்டை, விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலை ஊறவைத்துப் பதனிட்டு, பாதி முடிந்த சரக்காகவே வெளிநாட்டுக்கு அனுப்பினர். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973 முதல் நடுவணரசு அவ்வகை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதனால் முழுதும் பதனிட்ட தோலும், பின்னர்க் காலணியும் நம் மாவட்டத்தில் உருவாகலாயின. ஷூ கம்பெனிகள் பெருகின. அவற்றில் தையலிலும் ஒட்டு வேலையிலும் பெருந்தொகையாய் அமர்ந்தவர் பெண்கள். விடியலில் கம்பெனி வண்டி ஏறி இருட்டியபின் இறங்கும் தாய்மார்களும் தங்கைமார்களும் நம் தெருவிலும் உள்ளனர். தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபின் நம் இளைஞர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் செல்கின்றனர். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்து நம் திமிரி இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது.

வாழ்வு இவ்வளவு மாறியும் நம் கூட்டம் மட்டும் மாறவில்லை. பழைய நாளில், பழைய நேரத்தில், பழைய ஒழுங்கில் அது நடக்கின்றது. வண்டியிலிருந்து இறங்கி அடுப்பு மூட்டும் பெண் அந்நேரத்தில் எங்ஙனம் வருவாள்? பெங்களூரில் பணிபுரியும் இளைஞர் வாரநாளில் எங்ஙனம் வருவார்? வாராதவர்களைக் குறைகூறும் முன், வரமுடியாத நேரத்தில் அழைத்தோமா என்று நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் எங்கள் கடமை. சங்கப் பொறுப்பில் நெடுநாள் இருந்த நாங்கள், நற்கருத்தோடுதான் எல்லாப் பணிகளையும் எங்கள் தோளில் ஏற்றிக்கொண்டோம். பிறரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று எண்ணினோம். வரவு செலவுக் கணக்கை விரைந்து வாசித்து, "ஏற்கப்பட்டது" என்று எழுதி முடித்தோம். இளைஞர்களை நாற்காலி தூக்கவும் கொடி கட்டவும் அழைத்தோம்; முடிவெடுக்கும் நேரத்தில் அவர்களைத் தேடவில்லை. பெண்களுக்கு மேடையில் மாலை அணிவித்தோம். பேரேட்டை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஓர் இளைஞர் ஒருமுறை எழுந்து, "ஐயா, நான் வந்தாலும் வாராவிட்டாலும் இங்கே ஒன்றும் மாறுவதில்லையே" என்றார். அவரை நாங்கள் அமைதிப்படுத்தி அமரச் செய்தோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வைசாலியின் முரசு எங்கள் காதில் அன்றே கேட்டிருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

வரலாறு காட்டிய நெறிகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவதாக, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு சிறு பணி வேண்டும். திங்களில் ஒரு மாலை வகுப்பு எடுத்தல், ஒரு மாணவியின் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தொடர்ந்து கவனித்தல், நூலக அலமாரியை ஒழுங்கு செய்தல் ஆகிய எதுவாயினும் ஆகுக. 3,412 கையெழுத்துக்காக நடந்த கால்களை நினைவில் கொள்வோம். பணி இல்லாத உறுப்பினர் பதிவேட்டில் உள்ள பெயரே ஆவார்.

இரண்டாவதாக, சந்தா சிறியதாயினும் தவறாது நேரிற் பெறப்படவேண்டும். பெருந்தொகை தரும் சிலரை நம்பிப் பலரிடம் பெறும் சிறுதொகையைக் கைவிடுதல் தவறு. சந்தா வாங்கச் செல்பவர் அவ்வீட்டின் நலத்தையும் பிள்ளையின் படிப்பையும் கேட்டு வருவார். ஒரு பைசாவின் பயன் அதுவே.

மூன்றாவதாக, தெருவுக்கொரு சிறு குழு அமையட்டும். தலைமையகம் சோர்ந்தாலும் கிளை காக்கும் என்பதைத் தங்கவயல் காட்டிற்று. வெளியூரில் வாழும் நம் இளைஞரும் தாம் இருக்கும் நகரிலேயே கூடலாம். ஊருக்கு வரும் பொங்கல் நாளிலோ அம்பேத்கர் பிறந்தநாளிலோ பொதுக்குழுவைக் கூட்டினால், அவர்கள் அனைவரும் அமர இயலும்.

நான்காவதாக, கூட்ட நேரத்தை உழைப்போர் வகுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில் கூடுவோம். ஷூ கம்பெனியில் பணிபுரியும் மகளிரைக் கேட்டு நேரத்தைக் குறிப்போம். செயற்குழுவிலும், குறிப்பாகக் கணக்கிலும், அவர்களுக்கு இடம் அளிப்போம்.

ஐந்தாவதாக, பொறுப்புகள் கைமாறவேண்டும். இரண்டு முறைக்குமேல் ஒருவர் ஒரே பதவியில் இராதபடி விதியைத் திருத்துவோம். விலகும் மூத்தோர் வெளியேறுதல் வேண்டா. புதியவர் அருகில் அமர்ந்து வழிகாட்டுக. ஒருவர் கப்பலேறியதும் நிற்கும் இதழாக நம் சங்கம் ஆகலாகாது.

ஆறாவதாக, கணக்கும் குறிப்பேடும் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கவேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஆண்டுப் பொதுக்குழுவையும் தணிக்கை செய்த கணக்கையும் கட்டாயமாக்குகின்றது. பதிவாளருக்கு அனுப்புவதோடு அக்கடமை முடிந்ததாகக் கொள்ளாமல், அக்கணக்கைத் தெருவில் எல்லோரும் காணும்படி ஒட்டுவோம். இந்த ரூபாய் எங்கே சென்றது என்று ஒரு தாய் எழுந்து கேட்பாராயின், அன்று நம் சங்கம் உயிரோடு இருக்கின்றது என்று மகிழ்வோம்.

நிறைவுரை

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். சங்கம் பழையது, பெரியவர்களுடையது என்று விலகி நில்லாதீர்கள். 1893-இல் விண்ணப்பத்தாளைச் சுமந்து தெருத்தெருவாய்ச் சென்றவர்களும், 1926-இல் 'தமிழன்' இதழுக்கு உயிர் கொடுத்தவர்களும் உங்களைப் போன்று உழைப்புக்கும் குடும்பத்துக்கும் இடையில் நேரம் தேடியவர்களே. அவர்களுக்கு விளக்கு அரிது, எழுத்து அரிது, பொது வழியில் நடக்கும் உரிமையும் அரிது. ஆயினும் கூடினர். இன்று உங்கள் கையில் பட்டம் இருக்கின்றது. அப்பட்டத்தில் ஒரு பங்கு அன்று கூடியவர்களுடையது.

பெரியோர்களே! நமக்கும் ஒரு சொல். இளையோர் கேள்வி கேட்டு எழும்போது அமரச் சொல்லாதிருப்போம். கேள்வி கேட்கும் உறுப்பினரே சங்கத்தைத் தம்முடையதாகக் கருதுகின்றவர். முன்னொரு நாள் எழுந்து நின்ற அந்த இளைஞரின் வீட்டுக்கு, இவ்வெள்ளி விழா அழைப்பிதழோடு நாங்கள் சென்று வந்தோம். மாலை வகுப்பின் கணிதப் பாடத்தை ஏற்குமாறு அவரைக் கேட்டோம். கணக்கேட்டையும் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். பார்க்கலாம் என்றோம்.

முரசறைந்து ஊரைக் கூட்டிய தொன்மரபு நம்முடையது. நாம் அறைந்த பறைக்கு ஊர் கூடியது; நம் மன்றத்துக்கு நாமே கூடாதிருத்தல் முறையாகுமா? அடுத்த பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை கூடும். அன்று விரிக்கும் பாயில் இடம் போதவில்லை என்னும் குறை எழுமாயின், அக்குறையே இவ்வெள்ளி விழாவுக்கு நாம் அடையும் பெரும்பேறாகும்.